பக்கத்து ஜன்னலில் யாருமில்லை

ஒரு ஃபைலைத் திறந்தால் அதன் ஜோடி ஃபைலும் பக்கத்திலேயே தானாகத் திறந்துகொள்ள வேண்டும். நான் விரலைக்கூட அசைக்கக் கூடாது. என் ஆசை இவ்வளவுதான். வீடு, கார், அமெரிக்கா என்று ஆசைப்பட்டவர்கள் எல்லாம் எப்போதோ அடைந்துவிட்டு அடுத்த ஆசைக்குப் போய்விட்டார்கள். நான் இந்த ஜன்னலிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

விம் என்றால் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சமாசாரம். நான் சொல்லும் விம், நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது அதன் பெருமை. திறந்தவர்கள் வெளியே வரும் வழி தெரியாமல் தவிப்பார்கள் என்பது அதன் புகழ். அதில் திரையை நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிரிக்க, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு டபிள்யூ, பிறகு வி. முடிந்தது. இடப்பக்கம் ஒரு ஃபைல், வலப்பக்கம் ஒரு ஃபைல். இப்படிப் பிரிந்த ஒவ்வொரு பகுதியும் ஒரு ஜன்னல். இந்த மூன்று விசைகளை மிச்சம் பிடிக்கத்தான் நான் சனிக்கிழமைகளைச் செலவு செய்தேன். எத்தனை என்று கணக்குப் போடவில்லை. போட்டால் தெரிந்துவிடும் என்ற பயம்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு முன்னால் தோற்ற ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்பது ஒரு ஆறுதல். விம்முக்குப் பாட்டனார் வீஐ என்ற எடிட்டர். அதை 1976இல் எழுதத் தொடங்கியவர் பில் ஜாய், அப்போது பெர்க்லி பல்கலைக்கழக மாணவர். 1984இல் கொடுத்த பேட்டி ஒன்றில் அவரே கதையைச் சொல்லியிருக்கிறார். வீஐயில் பல ஜன்னல் வசதியைச் சேர்த்துக்கொண்டிருந்தாராம். 1978 டிசம்பர் வாக்கில் புது வாக்ஸ் கணினி வந்து இறங்கியது. பேக்கப் எடுக்கும் டேப் டிரைவ் உடைந்துபோனது. பேக்கப் இல்லாமலே வேலையைத் தொடர்ந்தார். எழுதிய நிரல் ஒருநாள் சிதைந்துவிட்டது, முழு பிரிண்ட்அவுட்டும் கையில் இல்லை. ஜன்னலுக்காகக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றி எழுதி முடித்திருந்த நேரம் அது. அத்தோடு கைவிட்டுவிட்டார். பிறகு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். நான் கைவிடவில்லை. எந்த நிறுவனத்தையும் தொடங்கவும் இல்லை.

ஜன்னலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெதர்லாந்தின் பிராம் மோலெனார். தன் அமிகா கணினியில் வீஐ இல்லையே என்று ஆரம்பித்து, 1991இல் விம்மை வெளியிட்டார். 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் திரையை மேலும் கீழுமாகப் பிரிக்க முடிந்தது. பக்கம் பக்கமாகப் பிரிக்க 2001இல் ஆறாம் பதிப்பு வரவேண்டியிருந்தது. அவ்வளவு காலம் ஜனங்கள் பொறுமையாக இருந்திருக்கிறார்கள். எனக்கு மூன்று விசைக்குப் பொறுமை இல்லை.

மோலெனார் 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். எடிட்டரை நன்றாகப் பயன்படுத்த அவர் சொல்லும் வழி இது: எங்கே நேரம் வீணாகிறது என்று கவனி, அதைவிட வேகமான வழியைக் கண்டுபிடி, பிறகு அதைப் பழக்கமாக்கிக்கொள். அருமையான யோசனை. நான் இரண்டாவது படியில் ரேஷன் கார்டு வாங்கிக் குடியேறிவிட்டேன்.

விம்மில் ஆட்டோகமாண்ட் என்று ஒன்று உண்டு. இன்னது நடந்தால் இன்னதைச் செய் என்று விம்ஆர்சி என்ற கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். ஃபைல் திறந்தால், மூடினால், ஜன்னல் மாறினால், திரையின் அளவு மாறினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றிலும் நம் கட்டளையை மாட்டிவிடலாம். இதைப் படித்த அன்று எனக்கு வந்த உற்சாகம், இன்கிரிமென்ட் கடிதம் வந்த அன்றுகூட வந்ததில்லை.

முதல் விதி எளிமையானது. விம் எழுந்தவுடன் திரையை இரண்டாகப் பிரி. எந்த ஃபைல், எதற்கு என்ற கேள்வியெல்லாம் இல்லை. பிரி. வெறுமனே விம்மைத் திறந்தால் நடுவில் ஒரு வரவேற்புச் செய்தி தெரியும். யுகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மோலெனார் அதில் ஒரு வரி எழுதியிருப்பார். விம் இலவசம், மனமிருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்பது அவருடைய ஏற்பாடு. ஜன்னல் ஒன்றுக்கு மேல் ஆனால் அந்தச் செய்தி வராது. ஆக, என் முதல் சாதனை அந்தக் குழந்தைகளைத் திரையிலிருந்து துரத்தியதுதான்.

அடுத்த அடி, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்ற கருவியில் விழுந்தது. கமிட் செய்யும்போது குறிப்பு எழுதுவதற்காக கிட் நம் எடிட்டரைத் திறக்கும். என்னுடையதில் அது இரண்டாகப் பிரிந்து திறந்தது. இரண்டு பக்கமும் ஒரே ஃபைல். இடப்பக்கம் ‘பிழை திருத்தம்’ என்று தட்டினால் வலப்பக்கமும் அதே எழுத்துகள் கூடவே ஊர்ந்து வரும். சரி, எழுதி முடித்தாயிற்று என்று கோலன், டபிள்யூ, கியூ தட்டினேன். ஒரு ஜன்னல் மூடியது. மற்றது அப்படியே இருந்தது. எடிட்டர் முழுவதும் மூடினால்தானே கிட் நகரும்? அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். கமிட் தொங்குகிறது, சர்வர் மெதுவாக இருக்கிறது என்று முடிவு செய்து டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தும் சர்வரைத்தான் திட்டினேன்.

கிட்டுக்கு விலக்குக் கொடுத்து விதியை மாற்றினேன். எழுந்தவுடன் பிரிக்காதே, ஃபைலைப் படித்த பிறகு பிரி. மாற்றியதும் விம்ஆர்சியை மறுபடி ஏற்ற வேண்டும் அல்லவா? ஏற்றினேன். சோதித்தேன். மூன்று ஜன்னல். ஏதோ ஒரு எழுத்து தப்பாகிவிட்டது போல என்று திருத்தி, மறுபடி ஏற்றினேன். நான்கு. விதியில் எங்கோ கணக்குப் பிழை என்று அதை ஏறத்தாழ புதிதாகவே எழுதி ஏற்றினேன். ஐந்து. காரணம் சின்னது. விம்ஆர்சியை மறுபடி ஏற்றினால் பழைய விதிகள் அழியாது, புதியவை அவற்றோடு சேர்ந்துகொள்ளும். முதலில் பழையதைத் துடை என்று சொல்ல ‘ஆட்டோகமாண்ட்’ என்பதோடு ஒரு ஆச்சரியக்குறி போடவேண்டும். நான் திருத்தத் திருத்த ஜன்னல் பெருகியது இதனால்தான். இதெல்லாம் விம்மோடு வரும் உதவிப் பக்கத்தில், ஆட்டோகமாண்ட் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. நான் அந்த அத்தியாயத்தின் நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்தவன்.

பிறகு அகலப் பிரச்சினை. பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்குப் பெப் 8 என்று ஒரு நடைவிதி உண்டு. ஒரு வரி 79 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த எண்பது கணக்கின் வேர் 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டை வரைக்கும் போகிறது. அதில் 80 பத்திகள். அட்டை போய்விட்டது, அகலம் நின்றுவிட்டது. திரையில் 160 எழுத்துக்கு இடமிருந்தால் இரண்டு ஜன்னல் தாராளமாகக் கொள்ளும் என்று விதியில் எழுதினேன். வரிகளின் வால் மடங்கி மடங்கி விழுந்தது. வரி எண் காட்டும் பட்டை ஜன்னலுக்கு 4 எழுத்து எடுத்துக்கொள்ளும், நடுக்கோட்டுக்கு 1. ஆக 83ம் 83ம் 1ம், 167. அதற்குள் எங்கள் ஃபைல் ஆயிரம் வரியைத் தாண்டியது, பட்டை இன்னும் ஒரு எழுத்து பருத்தது. ஆயிரம் வரி ஃபைலைச் சின்னதாகப் பிரிப்பதுதான் இதற்குச் சரியான வைத்தியம் என்று எந்தக் கத்துக்குட்டியும் சொல்வான். நான் எண்ணை மாற்றினேன்.

மடிக்கணினியில் அவ்வளவு அகலம் இல்லை. விதி வேலை செய்யட்டும் என்பதற்காக எழுத்தின் அளவைக் குறைத்தேன். விதி வேலை செய்தது. நான் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு படித்தேன். மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தபோது பின்வரிசையிலிருந்து ‘கொஞ்சம் பெரிசு பண்ணுங்களேன், ஒண்ணும் தெரியலை’ என்றார்கள். பெரிதாக்கினேன். எழுத்து பெரிதானால் திரையில் கொள்ளும் எழுத்தின் எண்ணிக்கை குறையும். குறைந்தால் கர்சர் இருக்கும் ஜன்னலை வைத்துக்கொண்டு மற்றதை மூடு என்று ஒரு துணைவிதி எழுதியிருந்தேன். கர்சர் இடப்பக்கம் இருந்தது. நான் கைநீட்டி விளக்கிக்கொண்டிருந்த நிரல் வலப்பக்கம் இருந்தது. ‘எங்கே போச்சு?’ என்றார் மேலாளர். உடனே எழுத்தைச் சிறிதாக்கினேன். அது திரும்பி வரவில்லை. மூடத்தான் விதி எழுதியிருந்தேன், திறக்க எழுதவில்லை. ‘நெட் கொஞ்சம் ஸ்லோ’ என்றேன். என் சொந்தக் கணினியில் இருக்கிற ஃபைலுக்கு நெட் எதற்கு என்று யாரும் கேட்காதது அவர்களுடைய பெருந்தன்மை.

இவையெல்லாம் என்னோடு போனவை. டெஸ்ட் ஃபைல் விவகாரம் ஊருக்கே தெரிந்தது.

நிரல் எழுதினால் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு நிரல் எழுதுவது ஒழுங்கு. அதுதான் டெஸ்ட். ‘பில்லிங்’ என்று ஒரு ஃபைல் இருந்தால் ‘டெஸ்ட்_பில்லிங்’ என்று அதற்கொரு ஜோடி இருக்கவேண்டும். பைடெஸ்ட் என்ற கருவி, டெஸ்ட் என்று தொடங்கும் ஃபைல்களைத் தேடிப் பிடித்து ஓட்டும். ஒழுங்கானவர்கள் டெஸ்டை எழுதிவிட்டுத்தான் நிரலையே எழுதுவார்கள். நான் அந்த ரகம் ஆகப்போகிறவன் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறேன். எந்த நிரலைத் திறந்தாலும் வலப்பக்கத்தில் அதன் டெஸ்ட் ஃபைலும் திறந்து நின்றால், நாணப்பட்டாவது எழுதமாட்டேனா? இலையைப் போட்டுவிட்டால் பந்திக்கு ஆள் வராமலா போய்விடும் என்ற கணக்கு.

விதி எழுதினேன். வலப்பக்கம் ஃபைல் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையாக. கட்டளைக்கு ஒரு நிறம், எண்ணுக்கு ஒரு நிறம் என்ற வழக்கமான வண்ணம் எதுவும் இல்லை. ஏனென்றால் விம்மில் ஒரு ஆட்டோகமாண்ட் செய்யும் காரியம் இன்னொரு ஆட்டோகமாண்டைத் தட்டி எழுப்பாது. வண்ணம் பூசுவதும் ஒரு ஆட்டோகமாண்ட்தான், ஆகவே அது எழவில்லை. இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு அது விம்மின் பிடிவாதமாகத் தெரிந்தது. ‘நெஸ்டட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தத் தடை நீங்கும் என்று படித்தேன். சேர்த்தேன். வண்ணம் வந்தது. வண்ணம் மட்டும் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

புதிதாகத் திறக்கும் டெஸ்ட் ஃபைல் வெறுமையாக இருந்தால் மனம் சோர்ந்துவிடும் என்று, ஒரு வார்ப்புருவைத் தானாக ஒட்டுகிற விதியும் எப்போதோ எழுதி மறந்திருந்தேன். அந்த வார்ப்புருவில் ஒரே ஒரு டெஸ்ட் இருந்தது. உண்மை என்பது உண்மைதான் என்று உறுதிசெய்யும் ஒற்றை வரி. தோற்கவே தோற்காத டெஸ்ட். தடை நீங்கியதும் அதுவும் எழுந்துகொண்டது. ஜோடியைத் தேடும் விதியும் எழுந்துகொண்டது. ‘டெஸ்ட்_பில்லிங்’ என்பதும் ஒரு பைத்தான் ஃபைல்தானே? அதற்கும் ஜோடி வேண்டாமா? ‘டெஸ்ட்_டெஸ்ட்_பில்லிங்’ திறந்தது. அதற்கு மட்டும் வேண்டாமா? ஒவ்வொன்றும் வார்ப்புருவோடு, தோற்காத அந்த ஒரு வரியோடு, ஜன்னலுக்குள் ஜன்னலாக வந்துகொண்டே இருந்தது. பத்து அடுக்கு வரை விம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈ218 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டி, ஆட்டோகமாண்ட் ரொம்ப ஆழத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். பில்லிங் கடைசி இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. மற்ற ஜன்னல்களில் சில எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்ததால், ஒவ்வொரு வரியும் மேலிருந்து கீழாக வழிந்துகொண்டிருந்தது. போதுமான அகலம் இருக்கிறதா என்று விதி முறையாகப் பார்த்திருந்தது. இருந்தது. எத்தனை ஜன்னல் ஏற்கெனவே இருக்கிறது என்று பார்க்க நான் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நேரம். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு வெளியேறு என்று ஒரே கட்டளையில் சொல்லலாம். சொன்னேன். எல்லாவற்றையும் சேமித்துவிட்டது. மாற்றமில்லாத ஃபைலை அது சேமிக்காது, ஆனால் வார்ப்புரு ஒட்டியதே மாற்றம்தான். பிறகு கிட்டிடம், இந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று ஒரு புள்ளி வைத்தேன். எடுத்துக்கொண்டது.

மறுநாள் பார்த்தால் டெஸ்ட் எண்ணிக்கை கணிசமாக ஏறியிருந்தது. எல்லாம் பச்சை. மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பியிருந்தார். நான் மறுக்கவில்லை. பதிலுக்கு ஒரு வணக்கம் போட்டேன். மதியம், ரிவ்யூ பார்க்கும் பொறுப்பில் இருந்த பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, என் இருக்கைக்கு வந்தாள்.

‘அண்ணா, டெஸ்ட் டெஸ்ட் டெஸ்ட் டெஸ்ட் பில்லிங்னு ஒரு ஃபைல் இருக்கே. அது எதைண்ணா டெஸ்ட் பண்ணுது?’

‘டெஸ்ட் டெஸ்ட் டெஸ்ட் பில்லிங்கை’ என்றேன். வேறென்ன சொல்வது?

ஒரு கணம் யோசித்தாள். ‘அப்ப பில்லிங்கை யாருண்ணா டெஸ்ட் பண்றது?’

கேலியே இல்லாத கேள்வி. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் கஷ்டம்.

டெஸ்ட் என்று தொடங்கும் பெயருக்கு விதி பொருந்தாது என்று ஒரு நிபந்தனை போட்டு, அந்த ஃபைல்களையெல்லாம் அழித்து, வார்ப்புருவையும் தூக்கி எறிந்தேன். ஆனாலும் ஒரு உறுத்தல் மிச்சமிருந்தது. ஒரே பில்லிங் ஃபைலை நான் ஒரு நாளைக்குப் பலமுறை திறக்கிறேன். ஒருமுறை திருத்த. ஒருமுறை ஒரு வரியை நகலெடுக்க. ஒருமுறை யார் எழுதிய குளறுபடி என்று பார்க்க, பெரும்பாலும் நான்தான். ஒருமுறை எதற்கென்றே தெரியாமல், பக்கத்தில் யாராவது வருகிறார்கள் என்பதற்காக. விம்முக்குத் தெரிவது ஃபைலின் பெயர் மட்டும்தான். திறக்கிறவனுக்கே எதற்கு என்று தெரியாதபோது அது எந்த ஜன்னலைத் திறக்கும்? கையால் பிரித்த காலத்தில், வேண்டும்போது மட்டும் பிரித்தேன். விதி வந்த பிறகு, வேண்டாத ஜன்னலை மூட கண்ட்ரோல்-டபிள்யூ, ஓ. திறப்பதில் மிச்சம் பிடித்ததைவிட மூடுவதில் கூடுதலாகச் செலவழித்தேன்.

அந்தக் கண்ட்ரோல்-டபிள்யூ விரலில் ஏறி உட்கார்ந்துகொண்டது இன்னொரு தொல்லை. பிரவுசரில் அதே விசைகள் டேபை மூடிவிடும். நீளமான ஒரு விண்ணப்பப் படிவத்தில் தகப்பனார் பெயர், தாலுகா, பின்கோடு எல்லாம் நிரப்பி, பக்கத்து ஜன்னலைப் பார்க்கலாம் என்று விரல் தானாக அழுத்தியது. டேபைத் திரும்பக் கொண்டுவந்தேன். படிவம் வந்தது. தகப்பனார் வரவில்லை.

ஈமாக்ஸ் என்ற எதிர்முகாம் எடிட்டரில் இந்தத் தானியங்கிப் பிரிப்பு பிறவியிலேயே உண்டு. 160 எழுத்து அகலம் என்று அவர்களும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள், அந்த எண்ணைப் பார்த்தபோது என் முதல் தவறு உலகத் தரமானது என்று தெரிந்தது. ஆனால் அங்கே குடியிருப்பவர்களில் பலர் கேட்கும் கேள்வி, இதை நிறுத்துவது எப்படி என்பது. கலைந்த ஜன்னல்களைப் பழைய நிலைக்குத் திருப்ப வின்னர் மோட் என்று தனியாக ஒரு வசதியே வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நானும் கட்சி மாறிவிடலாமா என்று யோசித்தேன். அங்கேயும் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது என்று தெரிந்ததும் மனைவியின் முகம் நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

இப்போது என் விம்ஆர்சியில் ஜன்னல் விதிகள் பெரும்பாலும் வரியின் முன்னால் ஒரு இரட்டை மேற்கோள் குறியோடு கிடக்கின்றன. விம்மில் அந்தக் குறி போட்டால் அந்த வரி செயல்படாது. அழிக்க மனம் வரவில்லை. உயிரோடு இருப்பவை இரண்டு. உதவிப் பக்கம் திறந்தால் அதை வலப்பக்கத்துக்குத் தள்ளு என்பது ஒன்று. ரொம்ப நல்ல விதி, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நான் உதவிப் பக்கத்தை முன்பே திறந்திருந்தால் மற்றவை தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

மற்றொன்று டெஸ்ட் விதியின் திருந்திய வடிவம். அந்தப் பெண்தான் யோசனை சொன்னாள். ‘ஃபைல் ஏற்கெனவே இருந்தா மட்டும் பிரிக்கச் சொல்லுங்கண்ணா, இல்லைன்னா சும்மா இருக்கட்டும்.’ ஃபைல் இருக்கிறதா என்று பார்க்க விம்மிலேயே ஒரு ஃபங்ஷன் உண்டு. ஒரு வரி சேர்த்தேன். அன்றிலிருந்து என் ஜன்னல் பிரியவே இல்லை. விதி பழுதாகிவிட்டது என்று நினைத்து, மறுபடி ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். ஆச்சரியக்குறி இருக்கிறது. நெஸ்டட் இருக்கிறது. அகலக் கணக்கு, சரிதான். சந்தேகம் தீர அவளுடைய ஃபோல்டரை எடுத்துத் திறந்து பார்த்தேன். எந்த ஃபைலைத் தொட்டாலும் நேர்பாதியாக, அழகாகப் பிரிகிறது.